ஆறிப் போச்சு சாம்பாரு

மேலைநகருக்கும் கீழைநகருக்கும் நடந்த போரை முடித்துவைத்தவள் நான்தான் என்று என் கணவர் சங்கரபாண்டி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் செய்ததெல்லாம் ஒலிக்கோப்பு ஒன்றை மாற்றி அனுப்பியது மட்டும்தான். கவனக்குறைவுக்குச் சிலை வைக்கும் வழக்கம் செவ்வாய்க் கிரகத்துக்கு இன்னும் வரவில்லை.

என் பெயர் கோமு. இசையமைப்பாளர் ரூபஸின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதினான்கு ஆண்டுகளாகப் பதிவுப் பொறியாளராக இருக்கிறேன். எங்கள் மேலைநகர் ஒரு பெரிய பள்ளத்தாக்கின் இந்த விளிம்பில், மண்ணுக்கு அடியில் இருக்கிறது. எதிர் விளிம்பில் கீழைநகர். இரண்டு ஊரிலும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்களின் பேரன் பேத்திகள்தான். பள்ளத்தாக்கின் அடியில் பனிக்கட்டி கிடைத்தது. அது யாருக்கு என்று மூன்று வருடம் சண்டை. எங்கள் பக்கம் பத்துப் பேர், அவர்கள் பக்கம் ஒன்பது பேர் செத்திருந்தார்கள். பூமியில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணிக்கை அற்பமாகத் தெரியலாம். மொத்தமே ஒன்பதாயிரம் பேர் வாழ்கிற ஊரில் பத்து என்றால், பத்துப் பேரையும் எல்லாருக்கும் தெரியும். சங்கரபாண்டி அப்போது கவச உடைக்குள் புகுந்துகொண்டு பள்ளத்தாக்கின் முன்வரிசையில் இருந்தார். அவர் திரும்பி வர வேண்டும் என்பதைத் தவிர அந்த மூன்று வருடத்தில் எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

இனி கவிஞரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இயற்பெயர் பொன்னுரங்கம், புனைபெயர் மாமழையான். செவ்வாயில் மழை ஒரு துளிகூடப் பெய்ததில்லை. அதனால் என்ன, எனக்கு அந்தப் பெயர்தான் வேண்டும் என்று அரசிதழில் பதிவு செய்துகொண்டவர். இங்கே ஈர்ப்பு விசை குறைவு, வேட்டி கட்டினால் கீழே நிற்காது. எல்லாரும் கால்சட்டைக்கு மாறி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. கவிஞர் மட்டும் வேட்டியின் ஓரத்தில் ஈயக் குண்டுகளைத் தைத்துக்கொண்டு, டொக்கு டொக்கென்று சுரங்கப் பாதையில் நடந்து வருவார். அந்தச் சத்தம் கேட்டதும் ரூபஸ் அண்ணன் ஆர்மோனியத்தைத் திறப்பார்.

அரசுக்காக மாமழையான் பதினான்கு போர்ப்பாட்டு எழுதியிருந்தார். ஆனால் மனுஷனுக்குப் போர் என்றால் ஆகாது. பதினான்கிலும் போர் எதிர்ப்பை ஒளித்துவைத்திருப்பதாக என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொல்வார்.

"'எழுக வாளே' பாட்ட எடுத்துக்கோ கோமு. மூணாவது சரணத்துல வாளைத் தூக்கினவனோட தோள்வலியப் பத்தி ஒரு குறிப்பு வருது, கவனிச்சியா? அங்கதான் விஷயமே இருக்கு."

"அது வீரத்தைச் சொல்லுதுன்னுல்லா ஐயா நெனச்சேன்."

"அப்படித்தான் எல்லாரும் நெனைக்கணும். புரிஞ்சுட்டுன்னா உரையாசிரியர் பிடிச்சிருவாரு."

"யாருக்குமே புரியலன்னா?"

கவிஞர் வேட்டியின் குண்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். 

எங்கள் படையில் ஒருவரிடமும் வாள் கிடையாது என்பது வேறு கதை. பனி வெட்டுகிற ஒளிக்கருவிகளை வைத்துக்கொண்டுதான் சுட்டுக்கொண்டார்கள். 'எழுக வாளே' வெளிவந்த வாரத்தில் நாற்பத்திரண்டு பேர் படையில் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் சங்கரபாண்டி. இதை நான் கவிஞரிடம் அதுவரை சொன்னதே இல்லை. எப்படிச் சொல்வது?

உரையாசிரியர் என்பது ஒரு இயந்திரம். பாடல் ஆய்வுத் துறையின் அறையில் சுவரோடு சுவராக இருக்கும். ஒரு பாட்டைக் கொடுத்தால் அதன் பொருளை நூற்றுக்கு இத்தனை என்று பிரித்துத் தரும். காதல் நாற்பது, பக்தி இருபது என்று. போர் எதிர்ப்பு இருபதைத் தாண்டினால் அந்தப் பாட்டு வானொலிக்குப் போகாது. எழுதியவர் பனிச்சுரங்கத்துக்குப் போவார், ஐந்து வருடம். இந்தச் சட்டத்தை எழுதியவர் எங்கள் படைத் தளபதி. "யாருக்கும் விலக்குக் கிடையாது, படைக்கும்கூட" என்று அவரே தன் கையால் ஒரு வரி சேர்த்தார். அந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவிஞரின் பதினான்கு பாட்டுக்கும் போர் எதிர்ப்பு பூஜ்யம் என்றுதான் வந்தது. ஒவ்வொரு முறையும் தப்பித்தோம் என்று சந்தோஷப்படுவார். கொஞ்ச நேரத்தில் முகம் வாடிவிடும். ஒன்றோ இரண்டோ வந்திருக்கலாமே என்று எனக்கே பாவமாக இருக்கும்.

பதினைந்தாவது பாட்டில்தான் நான் கைவைத்தேன்.

பாட்டுத் தொழிலில் பூமியிலிருந்தே கூட வந்த ஒரு வழக்கம் உண்டு. மெட்டு முதலில் பிறக்கும், சொல் பிறகு வரும். கவிஞருக்கு அளவு தெரிய வேண்டும் என்பதற்காக இசையமைப்பாளர் வாயில் வந்த சொற்களைப் போட்டு மெட்டைப் பாடிப் பதிவு செய்து கொடுப்பார். அதற்கு டம்மி என்று பெயர். சிலர் தன்னானே போடுவார்கள். ரூபஸ் அண்ணனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அந்த நேரத்தில் மனதில் எது ஓடுகிறதோ அதையே பாடிவிடுவார்.

அன்று காலை கவிஞர் வரத் தாமதம். உணவகத்திலிருந்து வந்த இட்லி மேசையில் இருந்தது. அண்ணனின் சட்டையில் பித்தான் அறுந்திருந்தது. வழியில் சைக்கிள் வேறு பஞ்சர். சாயங்காலம் இசைக் கலைஞர் சங்கத்தில் மீட்டிங், அதற்குப் போக அவருக்குத் துளியும் விருப்பமில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினார்:

இட்லி ரெண்டு போதுமா
இன்னும் ஒண்ணு வேணுமா
ஆறிப் போச்சு சாம்பாரு
யாரு வந்து சாப்பிடுவா

சட்டையில பித்தான் இல்ல
சைக்கிளுல காத்தும் இல்ல
சாயங்காலம் மீட்டிங் இருக்கு
சத்தியமா நான் வரல

பாடி முடிக்கும்போது வெளியே யாரோ இரும்பை உருட்டினார்கள். அண்ணன் அதே ராகத்தில், "கோமு, கதவைச் சாத்தும்மா" என்றார். அதுவும் பதிவாகிவிட்டது.

மெட்டு அபாரம். சிரிக்கவும் வைத்தது, எங்கோ உள்ளே போய் என்னவோ செய்யவும் செய்தது. கவிஞர் வந்து அதைக் கேட்டு, இரண்டே நாளில் 'பாய்க புலியே' என்று எழுதித் தந்தார். பாடகரை வைத்துப் பதிவு செய்தோம். இப்போது என் கணினியில் இருந்த கோப்புகளின் பெயர்களைக் கேளுங்கள்: 'மெட்டு நாலு கடைசி', 'மெட்டு நாலு கடைசியோ கடைசி', 'மெட்டு நாலு இதுதான் கடைசி'. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்த யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். நான் எடுத்தது 'கடைசி'. அனுமதிப் படிவத்தில் கவிஞர் பெயரை நிரப்பினேன். மூலையில் பதிவு எண், தேதி, வகை எல்லாம் இயந்திரமே அச்சடித்துவிடும். அதையெல்லாம் நான் என்றைக்குப் படித்தேன்? அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அணிவகுப்பு நேரத்தில் வானொலியில், "படைவீரர்களுக்காகக் கவிஞர் மாமழையானின் புதிய எழுச்சிப் பாடல்" என்று அறிவித்தார்கள். தொடர்ந்து ரூபஸ் அண்ணனின் கட்டைக் குரலில், இட்லி ரெண்டு போதுமா.

என் கையிலிருந்த காபி மெதுவாகக் கீழே போனது. செவ்வாயில் எல்லாம் மெதுவாகத்தான் விழும். பிடித்திருக்கலாம், பிடிக்கத் தோன்றவில்லை.

டொக்கு டொக்கு டொக்கென்று சத்தம் வந்தது. கவிஞர் ஓடி வருகிறார் என்று தெரிந்தது.

"என் பேர்ல இட்லியா? இருபது வருஷமா எழுதுதேன், என் பேர்ல இட்லியா கோமு?"

"ஐயா, தப்பு என்மேலதான். கோப்பு மாறிட்டு."

"சாம்பாருன்னா போடுவேன் நான்? என் அகராதியிலயே அந்தச் சொல்லு கிடையாதே!"

ரூபஸ் அண்ணன், "கோவப்படாதீரும் வே, குரல் என்னோடதுல்லா, என் மானமும் சேந்துதான் போச்சு" என்றார். உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம், முகத்தில் நன்றாகவே தெரிந்தது. ஆய்வுத் துறையில் இது எப்படித் தாண்டியது என்று அனுமதிச் சீட்டை எடுத்துப் பார்த்தோம். உரையாசிரியர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: உணவு எழுபத்தொன்று, சோம்பல் பதினெட்டு, மிதிவண்டி பதினொன்று. போர் எதிர்ப்பு பூஜ்யம். கீழே ஆய்வு அதிகாரி மெஹருன்னிசாவின் கையெழுத்து, பச்சை மையில்.

"அவங்க பூஜ்யத்தை மட்டும் பாத்துட்டு போட்டுருப்பாங்க" என்றேன். என்னைப் போலவே இன்னொருத்தி இருக்கிறாள் என்பதில் ஒரு ஆறுதல்.

திருத்தம் கேட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் காலை சங்கரபாண்டி பேசினார். வாரத்துக்கு ஒருமுறை நான்கு நிமிடம் பேச அனுமதி உண்டு. எடுத்த எடுப்பிலேயே, "கோமு, கதவைச் சாத்தும்மா" என்று பாடினார்.

"உங்களுக்கும் கேட்டுட்டா?"

"கேட்டுட்டாவா? இங்க அதான் தேசிய கீதம். மொத நாளு எல்லாவனும் விழுந்து விழுந்து சிரிச்சோம். ரெண்டாம் நாளு அந்த 'யாரு வந்து சாப்பிடுவா' வந்தப்ப ஒருத்தனும் சிரிக்கல கோமு. பக்கத்துல இருக்க பய ஹெல்மெட்டுக்குள்ளயே அழுதான். துடைக்கவும் முடியாதுல்லா."

"அங்கேயும் கேக்குமே, எதிர்ப்பக்கம்?"

"அதான் சொல்ல வாரேன். நேத்து சாயங்காலம் தளபதி மீட்டிங் போட்டு முன்னேறச் சொன்னாரு. யாரோ ஒருத்தன் 'சத்தியமா நான் வரல'ன்னு பாடிட்டான். அம்புட்டுத்தான், ஆயிரம் பேரும் பாடிட்டோம். பள்ளத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து ரேடியோவுல அவனுவளும் பாடுதானுவ. நேத்தைக்கு ஒருத்தனும் சுடல. மூணு வருஷத்துல மொத தடவ தூங்கினேன்."

நான்கு நிமிடம் முடிந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷ அழுகைதான். ரூபஸ் அண்ணன் திருத்தக் கடிதத்தை நான்காக மடித்துத் தன் பித்தானில்லாத சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் கவிஞருக்குச் சம்மன் வந்தது. போர் எதிர்ப்பு தொண்ணூற்று நான்கு.

ஆய்வுத் துறையின் விசாரணை அறைக்கு மூன்று பேரும் போனோம். என் பையில் டம்மிப் பதிவும் 'பாய்க புலியே' பதிவும் தேதியோடு இருந்தன. கவிஞரைக் காப்பாற்ற அது போதும். மெஹருன்னிசா மேடம் ஐம்பது வயதுக்காரர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. விசாரணைக்கு முன் எங்களைத் தாழ்வாரத்தில் நிறுத்தி நிலைமையைச் சொன்னார்.

கவிஞர் முந்திக்கொண்டார். "பூஜ்யம்னு சொன்ன அதே மெஷின் இப்ப தொண்ணூத்தி நாலுங்குதே, எப்படி?"

"போன வாரம் வரைக்கும் அது சொல்லை மட்டும்தான் படிச்சுது. இப்ப ரெண்டாம் பதிப்பு வந்திருக்கு. படைவீரங்க ஹெல்மெட்டோட அதை இணைச்சிருக்காங்க. பாட்டைக் கேக்குறப்ப நெஞ்சு எப்படி அடிக்குது, கண்ணு கலங்குதா, கால் முன்னால போகுதா பின்னால போகுதான்னு பாத்துப் பொருள் சொல்லும். சொல்லுக்குள்ள இருக்குறது பொருள் இல்லையாம். கேக்குறவனுக்குள்ள நடக்குறதுதான் பொருளாம். கம்பெனிக்காரங்க அப்படித்தான் சொல்லி வித்தாங்க. எதிர்ப்பக்கமும் இதையேதான் வாங்கியிருக்கு."

"மேடம், அது டம்மி" என்று நான் பையைத் திறந்தேன். "ஐயா எழுதினதே இல்ல. எங்கிட்ட ஆதாரம் இருக்கு."

மேடம் என் கையைப் பார்த்தார், வாங்கவில்லை. "கொடுக்கலாம். கொடுத்தா இவருக்கு விடுதலை. ஆனா அப்ப அது அனுமதி இல்லாத பாட்டு ஆயிடும். இன்னைக்கே நிறுத்திட்டு இவரோட உண்மையான பாட்டைப் போடணும். கொடுக்கலன்னா அது வழக்குல இருக்குற பாட்டு. சாட்சிப் பொருள். தினமும் ஒலிபரப்பி அளந்துக்கிட்டே இருக்கணும், நிறுத்த முடியாது. யோசிச்சு உள்ள வாங்க."

அவர் உள்ளே போய்விட்டார். கவிஞர் முகம் தெளிந்தது. "பாத்தியா, 'பாய்க புலியே' வெளிய வந்துரும். அதுல நாலாவது வரியில, புலிக்கும் பசி தீருமான்னு ஒரு கேள்வி வச்சிருக்கேன். எவனாவது ஒருத்தன் பிடிச்சுக்குவான் கோமு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வருடமாக அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"ஐயா, 'எழுக வாளே' கேட்டுட்டுத்தான் எங்க வீட்டுக்காரரு படையில சேந்தாரு. அந்த வாரம் நாப்பத்திரெண்டு பேரு."

 "தோள்வலி?" என்று கேட்டார் கவிஞர்.

"அவருக்குத் தெரியல ஐயா. யாருக்குமே தெரியல."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படிச் சுருங்கியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது. ரூபஸ் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கவிஞர் என் பையை மூடி, கொக்கியைத் தானே மாட்டிவிட்டு உள்ளே நடந்தார்.

விசாரணை தொடங்கியது. உரையாசிரியர் பள்ளிக்கூடத் தமிழாசிரியர் குரலில் தன் விளக்கவுரையை வாசித்தார்.

"இட்லி இரண்டு என்பன இரண்டு நகரங்கள். 'இன்னும் ஒண்ணு வேணுமா' என்பது மண்ணாசையைக் கடிந்தது. ஆறிய சாம்பார், திரும்பாத மகனுக்காகக் காத்திருக்கும் வீடு. பித்தான் இல்லாச் சட்டை, பதக்கம் வேண்டா மார்பு. காற்றில்லா மிதிவண்டி, ஓட இயலா அரசு."

"பஞ்சருங்க" என்று ரூபஸ் அண்ணன் என் காதில் முனகினார்.

"கோமு என்பது ஒரு தாய்த் தெய்வம். கதவு என்பது போரின் வாசல். அதைச் சாத்துமாறு தெய்வத்திடம் வேண்டிக்கொண்டு பாட்டு முடிகிறது."

தாய்த் தெய்வமாகிய நான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மேடம் கேட்டார்: "கவிஞர் மாமழையான், இந்தப் பாட்டு நீங்க எழுதினதா?"

"ஆமா" என்றார் கவிஞர். "நான் எழுதினதுதான்."

"இயந்திரம் சொன்ன பொருள்?"

"எல்லாமே நான் வச்சதுதான். சைக்கிள் உட்பட."

 அந்த வயதில் ஐந்து வருடம் பனிச்சுரங்கம் என்றால் உயிரோடு வருவாரா? பையின் கொக்கியில் கை வைத்தேன். எடுத்துக் கொடுத்தால் இவர் பிழைப்பார், அங்கே சங்கரபாண்டி? கை அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஒரு நிமிடத்துக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அப்போது பக்கத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. ரூபஸ் அண்ணன் எழுந்துவிட்டார்.

"மேடம், இது அநியாயம்! இருபது வருஷமா இவருக்கு டம்மி போடுதேன். ஒண்ணே ஒண்ணு உருப்படியா அமைஞ்சிருக்கு, அதையும் இவரு பேர்ல எழுதிக்குவாரா? அது என் பாட்டு. சுரங்கத்துக்கு என்னைய அனுப்புங்க!"

"உக்காரும் வே" என்றார் கவிஞர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீரு உக்காரும்! உமக்குச் சாம்பாருன்னு எழுத வருமா? சொல்லும், வருமா?"

அதன்பின் நான் எப்படிச் சும்மா இருக்க முடியும்? "அனுப்புனது நான் மேடம். நான் அனுப்பலன்னா அது பாட்டே இல்ல. என்னைத்தான் பிடிக்கணும்" என்று நானும் எழுந்தேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். குற்றத்துக்கு இப்படி அடித்துக்கொண்டவர்களை அந்த அறை பார்த்திருக்காது.

மேடம் மேசையைத் தட்டினார். சட்டப் புத்தகத்தைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எந்த உணர்ச்சியும் காட்டாமல் வாசித்தார். "பிரிவு ஏழு. ஒரு பாட்டில் போர் எதிர்ப்புப் பொருளை வைத்தவர் எவரோ, அவரே குற்றவாளி." பிறகு சுவரைப் பார்த்துக் கேட்டார். "உரையாசிரியரே, இந்தப் பாட்டில் அந்தப் பொருளை வைத்தது யார்?"

இயந்திரம் சிறிது நேரம் முனகியது.

"சொற்களில் போர் எதிர்ப்பு பூஜ்யம் என்று நானே சான்றளித்துள்ளேன். ஆகவே எழுதியவர் வைக்கவில்லை. பாடியவர் வைக்கவில்லை. அனுப்பியவரும் வைக்கவில்லை. தொண்ணூற்று நான்கு விழுக்காடும் கேட்டவர்கள் வைத்தது. பெயர்ப் பட்டியல் தயார். ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு பேர்."

பட்டியல் அச்சாகி வந்துகொண்டே இருந்தது. மேசையைத் தாண்டி, மெல்லச் சுருண்டு, தரையில் இறங்கி, கவிஞரின் வேட்டிக் குண்டுவரை வந்து நின்றது. எங்கள் படை மொத்தமும் அதில் இருந்தது. தளபதியும் இருந்தார், ஒன்பதாவது பெயராக. அவரும் ஹெல்மெட் போட்டிருந்தாரே, பாட்டுக்குக் கால் தாளம் போட்டிருக்கிறது.

மெஹருன்னிசா மேடம் பச்சைப் பேனாவைத் திறந்தார். "குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேருக்கும் சம்மன். நேரில் வரணும். ஜாமீன் நிபந்தனை: வழக்கு முடியுற வரைக்கும் ஆயுதம் தொடக் கூடாது, நகர எல்லையைத் தாண்டக் கூடாது. விசாரணை அகர வரிசைப்படி, ஒவ்வொரு வியாழக்கிழமையும் நாலு பேர்."

தளபதி அன்று மத்தியானமே வந்து குதித்தார். போர் நடந்துகொண்டிருக்கிறது, படையைத் திருப்பிக் கூப்பிட இவர் யார் என்று கத்தினார். யாருக்கும் விலக்குக் கிடையாது, படைக்கும்கூட என்ற வரியை மேடம் அவருக்குக் காட்டினார். கையெழுத்து அவருடையதுதான். எதிர்ப்பக்கம் சும்மா இருக்குமா? மேலைநகர் தன் சட்டத்தை இவ்வளவு கறாராக நடத்தும்போது நாம் விட்டுக்கொடுப்பதா என்று கீழைநகரும் தன் படை முழுவதற்கும் ஒரே வாரத்தில் சம்மன் அனுப்பியது. போரையும் இதே போட்டியில்தான் தொடங்கினார்கள்.

பனிக்கட்டிக்குக் காவல் இருக்க ஒருவருமில்லை. ஆறு மாதம் கழித்து இரண்டு ஊர் ஆட்களும் உட்கார்ந்து பேசி ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் நடந்து நான்கு வருடம் ஆகிறது. வழக்கு இன்னும் நடக்கிறது. வியாழன்தோறும் நான்கு பேர் போவார்கள், பாட்டின் பொருள் தங்களுக்கு எப்படித் தோன்றியது என்று விளக்க அவகாசம் கேட்பார்கள், வாய்தா கிடைக்கும், மறுபடி அவர்களே போவார்கள். இன்னும் இகரமே முடியவில்லை. எங்கள் ஊரில் இசக்கி என்று பெயர் வைத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாது. சங்கரபாண்டியின் முறை வருவதற்குள் எங்களுக்குக் கொள்ளுப்பேரன் பிறந்துவிடுவான். கவிஞர் இப்போதெல்லாம் டம்மியைக் கேட்டதும் ஒரு காகிதத்தில் அப்படியே எழுதிக்கொள்கிறார். ஒரு சொல்லை மாற்றலாமா என்று ரூபஸ் அண்ணனிடம் கேட்பார். மாத்தாதீரும் என்பார் அண்ணன். தினமும் சண்டை. பாட்டுகள் நன்றாக வருகின்றன.

போன வாரம் மெஹருன்னிசா மேடம் ஓய்வு பெற்றார். மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கு வந்தார். சங்கரபாண்டி இட்லி வைத்தார். செவ்வாயில் மாவு கொஞ்சம் அதிகமாகவே உப்பும், தலையணை மாதிரி இட்லி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் கேட்டேன்.

"நான் மட்டும் அன்னைக்குக் கோப்பை மாத்தி அனுப்பலன்னா என்ன ஆகியிருக்கும்? நெனச்சாலே நடுங்குது மேடம். நீங்களும் பூஜ்யத்தை மட்டும் பாத்துட்டுக் கையெழுத்து போட்டீங்க, நல்லவேளை."

அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "படிவத்தோட மூலையில வகைன்னு ஒண்ணு அச்சாகும், நீ படிச்சதே இல்லையா?" என்றார்.

"இல்ல."

"டம்மின்னு கொட்டை எழுத்துல இருந்துச்சு கோமு. படிக்காம கையெழுத்துப் போடுற ஆளா நானு?"

 சங்கரபாண்டி கரண்டியோடு நின்றுவிட்டார்.

"இறந்துபோன வீரங்க வீட்டுக்கு இரங்கல் கடிதம் எழுதுறதும் எங்க துறைதான்" என்றார் அவர். "அன்னைக்குக் காலைல பத்தாவது கடிதத்துல கையெழுத்துப் போட்டேன். அந்தப் பையனோட அம்மா எனக்கு எதிர்வீடு. அதை ஓரமா வச்சுட்டு அடுத்த தாளை எடுத்தா உன் இட்லி. நியாயமா திருப்பி அனுப்பியிருக்கணும். முடியல. இன்னொரு போர்ப்பாட்டு வேணாம்னு தோணுச்சு. என்ன ஆகும்னெல்லாம் எனக்குத் தெரியாது. பயந்துக்கிட்டேதான் போட்டேன்."

சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தார். இத்தனை வருடம் ஒரு புன்னகைகூடக் காட்டாத அந்த முகம் அப்போது சிரித்துக்கொண்டே கலங்கியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சங்கரபாண்டி கேட்காமலே இன்னொரு இட்லியை வைத்து, சூடாகச் சாம்பாரை ஊற்றினார்.

சாப்பிட்டு முடித்து, கை கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். சுரங்கப் பாதையில் நாலடி போனவர் திரும்பிப் பார்த்து, ராகத்தோடு சொன்னார்.

"கோமு, கதவைச் சாத்தும்மா."